இடப்பக்கம் சாய்ந்த மத்தியானம்

இரண்டு பத்துக்கு ஹெப்சிபா இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். செல்போனில் மணி பார்த்துவிட்டு அதைத் தலையணைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். வலது உள்ளங்கையை வயிற்றின் மேல் விரித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஒரு பெரிய டம்ளர் திராட்சை ஜூஸ் குடித்தாயிற்று, அம்மா பண்டிகைக்கென்று போட்டு ஃபிரிட்ஜில் வைத்தது, பல் கூசும் இனிப்பு. அது உள்ளே இறங்கும், இறங்கினால் பிள்ளை விழிக்கும், விழித்தால் காலை நீட்டும், அவ்வளவுதான் விஷயம். முப்பத்து மூன்று வாரம். இந்த மாசத்தில் பிள்ளைகள் ரொம்பத் தூங்கும் என்று எங்கேயோ படித்திருந்தாள். தூங்குகிறது. காலையில் அசைந்ததே. அம்மா குடும்ப ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது வலது விலாவுக்குக் கீழே ஒரு இடி இடித்தது, அவள்கூட நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள், புருஷன் அஜின் ஒரு கண்ணைத் திறந்து என்ன என்பதுபோலப் பார்த்தான். ஆனால் அது இன்றைக்கா? இன்றைக்குக் காலையில் அஜின் ஜெபத்தில் இருந்தானா? அவனும் அண்ணனும் ஆறு மணிக்கே பந்தல்காரனைப் பார்க்கக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அப்படியானால் அது நேற்று. நேற்றுக் காலையில் இடித்தது. இன்றைக்கு? இன்றைக்கு எழுந்தாள், பல் தேய்த்தாள், புட்டும் பயறும் சாப்பிட்டாள், பிறகு அம்மாவோடு உட்கார்ந்து முந்திரிப்பருப்பு உடைத்தாள், அப்போது, அப்போது ஒன்றுமில்லை, அப்போது அவள் கவனிக்கவில்லை, கவனிக்காததால் இல்லை என்றாகிவிடுமா. கைக்குக் கீழே என்னவோ துடித்தது. ஒன்று, என்றாள் மனசுக்குள். மறுபடி துடித்தது, மறுபடி, ஒரே சீராக. அது பிள்ளை இல்லை. அவளுடைய கையின் நாடி.

அடுக்களையில் எண்ணெய் காய்கிற வாசனை. அம்மாவும் மேபல் மைனியும் புது வருஷத்துக்கு அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். மைனி என்றால் அண்ணன் டேவிட்சனின் மனைவி. அச்சை எண்ணெயில் முக்கும் ஒவ்வொரு தரமும் சர்ர் என்று சத்தம் வந்தது, அம்மா என்னவோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். எத்தனை சிரிப்பு இந்த வீட்டில், இந்த எட்டு நாளாக. அதைத்தான் நாளைக்குச் சொல்ல வேண்டும். வருஷக் கடைசி ஆராதனையில் பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் நீ ஒரு சாட்சி சொல்லும்மா என்று ஆயர் கேட்டிருந்தார், நீளமாக வேண்டாம், இந்தப் பண்டிகை நாள்களுக்காக நன்றியாக நாலு வார்த்தை. அவளும் தலையாட்டியிருந்தாள். சொல்லிப் பார்ப்போம், எண்ணிக்கொண்டே சொல்லிப் பார்ப்போம், நேரம் போகும். எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்தக் கிறிஸ்மஸ் விடுமுறையில் கர்த்தர் எங்கள் குடும்பத்துக்குச் செய்த நன்மைகளுக்காக. முதலாவது, மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் லீவு கிடைத்ததற்காக. போன வருஷம் ஸ்டார் கட்டாமல் இருட்டாகக் கிடந்த வாசலில் இந்த வருஷம் அம்மா தானே ஸ்டூல் போட்டு ஏறி ஸ்டார் கட்டினதற்காக. விழுந்து வைக்கப் போகிறாய் என்று எல்லாரும் கீழே நின்று கத்த, அவள் வயரை வாயில் கவ்விக்கொண்டு, பிடிச்ச பிடியில் கட்டிட்டுத்தான் எறங்கினாள். இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கேரல் கூட்டம் வந்ததற்காக. கிறிஸ்மஸ் தாத்தா முகமூடிக்குள்ளே வேர்த்துக் கொட்டிக்கொண்டு ஆடினார், டிரம்மில் ஒரு அடி விழுந்தது, அந்த நிமிஷம் உள்ளே பிள்ளை துள்ளியது பார், இரண்டு காலாலும் ஒரே சமயத்தில் உதைத்த மாதிரி. அவள் அஜினின் கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்தாள், அத்தனை பேர் முன்னால், வெட்கமில்லாமல். அவன் முகம் ஸ்டார் வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறித் தெரிந்தது. டிரம்முக்கு அப்படித் துள்ளிய பிள்ளை. யாராவது இப்போது ஒரு டிரம் அடித்தால் தேவலை. அவள் விரல் நுனியால் வயிற்றைத் தட்டினாள், கதவைத் தட்டுவதுபோல இரண்டு தரம். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். உள்ளே ஆள் இல்லாத வீட்டைத் தட்டுகிற மாதிரி என்று ஒரு நினைப்பு வந்தது, அதை வளர விடாமல் சட்டென்று கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தாள். பின்முற்றத்தில் கொடியில் ஜெமிமாவின் பண்டிகைக் கவுன் காய்ந்துகொண்டிருந்தது, வெள்ளைச் சரிகை, இடுப்பில் சிவப்பு நாடா.

இரண்டாவது, ஜெமிமாவுக்காக. இதை எப்படிச் சாட்சியில் சொல்வது. ஜெமிமா அண்ணனின் மகள், இரண்டு வயது ஆக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஹெப்சியின் முதல் பிள்ளை இருந்திருந்தால் அதற்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். இரண்டு பேரும் ஒன்றாக உண்டாகியிருந்தார்கள், அவளும் மேபல் மைனியும், ஒன்றரை மாத வித்தியாசத்தில். ஹெப்சியின் பிள்ளையைச் சின்னப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன அன்றைக்கு மைனி வரவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி அங்கே போகக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். அது ஹெப்சிக்கும் தெரியும், தெரிந்தும் மனசில் ஒரு முள் நின்றுவிட்டது, போன வருஷம் முழுக்க மைனியிடம் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். இந்த லீவில் அந்த முள்ளை எடுத்தது ஜெமிமா. வந்த முதல் நாளே அவள் மடியில் ஏற முயன்று, வயிறு இடிக்கவே, கோபமாக வயிற்றைப் பார்த்து “போ” என்றாள். வீடே சிரித்தது. மைனி சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹெப்சியின் முகத்தைப் பார்த்தாள். ஹெப்சியும் சிரிக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள். போ. பிள்ளை வாய் வார்த்தை. அதற்கெல்லாம் ஒரு அர்த்தமும் கிடையாது. போ என்றால் போய்விடுமா. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து குளிர் ஏறியது. ஜூஸின் குளிர் என்று நினைத்துக்கொண்டாள். மணி பார்த்தாள். இரண்டு முப்பத்தைந்து. எண்ணிக்கை சைபர். இருபத்தைந்து நிமிஷம்தான் ஆகிறது, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, சிந்து சொன்னது இரண்டு மணி நேரம். சிந்து பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டுக்காரி, பிரசவ வார்டில் நர்ஸ். இருபத்தாறாம் தேதி புருஷனோடு தக்கலையிலிருந்து வந்து, ஒரு சட்டி மீன்குழம்பையும் காலி பண்ணி, பழைய டீச்சர்மாரைப் போல நடித்துக் காட்டி எல்லாரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தாள். கிளம்பும்போது மட்டும் வாசலில் ஹெப்சியைத் தனியாக நிறுத்தி, “சாப்பிட்டுட்டு இடப்பக்கம் படுத்து எண்ணணும், கேட்டியா. ரெண்டு மணி நேரத்துல பத்து. வரலேண்ணா எனக்கு போன் பண்ணிட்டு இருக்காத. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ” என்றாள். சிரிக்காமல் சொன்னாள். சிந்து சிரிக்காமல் எதையாவது சொல்லி ஹெப்சி பார்த்ததே இல்லை.

கதவு திறந்தது. மேபல் மைனி பழைய பேப்பர் எடுக்க வந்தாள், முறுக்கு பரப்ப. நெற்றியில் மாவு.

“உறங்கலியா ஹெப்சி?”

“இல்ல மைனி. சும்மாதான் படுத்திருக்கேன்.”

“முகம் ஒரு மாதிரி இருக்கே. முதுகு வலிக்கா?”

“ஒண்ணும் இல்ல. மத்தியானம் கொஞ்சம் கூடுதலா சாப்பிட்டுட்டேன்.”

“ரெண்டு சூடா கொண்டு வரட்டா?”

“பெறவு மைனி.”

மைனி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிட, பேப்பரை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தத்துக்குப் பிறகுதான், இப்போது என்ன செய்தேன் என்று ஹெப்சிக்கு உறைத்தது. ஒண்ணும் இல்ல என்று சொன்னேன். இதே குரலில், இதே மாதிரி உதட்டை இழுத்துக்கொண்டு, ஒண்ணும் இல்ல. அன்றைக்கு எத்தனை பேரிடம் சொன்னாள். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, மார்த்தாண்டத்தில், போன வருஷம் பிப்ரவரி மாதம், அஜினின் தங்கை பிளெஸ்ஸியின் கல்யாணத்தில். காலையில் பச்சைப் பட்டுச்சேலை கட்டும்போதே தெரிந்தது. தெரிந்தது என்று சொல்ல முடியாது, ஒரு அமைதி இருந்தது, அவ்வளவுதான், பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் ரேடியோவை யாரோ நிறுத்தின மாதிரி. சேலைக்கட்டு இறுக்கம் என்று நினைத்தாள். கொசுவத்தைத் தளர்த்தினாள். கோயிலில் பாட்டு எழும்பியபோது காத்திருந்தாள், இல்லை. மண்டபத்தில் யாரோ ஒரு கூல்டிரிங்ஸ் தந்தார்கள், குடித்துவிட்டுக் காத்திருந்தாள், இல்லை. மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷத்தில் மாமியை அவள் பார்த்ததே கிடையாது, ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துப் பிடித்துப் பந்திக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அறுநூறு பேர். இந்த நேரத்தில் எழுந்து போய் மாமி, எனக்கு ஒரு மாதிரி இருக்கு என்று எப்படிச் சொல்வது, எல்லாம் சரியாக இருந்தால் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று ஆகிவிடாதா. என்னம்மா களைப்பா இருக்கா? ஒண்ணும் இல்ல மாமி. போட்டோவுக்குச் சிரித்தாள். அந்த ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவள் சிரிக்கிறாள். மறுநாள் டாக்டர் ஸ்கேன் கருவியைத் தேய்த்துத் தேய்த்து, பிறகு திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார், கடைசியா எப்பம்மா அசைஞ்சது? நேத்து ராத்திரி வரைக்கும் அசைஞ்சது டாக்டர். அதைச் சொன்னது அவள்தான். அவள் வாய்தான். பக்கத்தில் அஜின் நின்றிருந்தான். அன்றையிலிருந்து இன்றுவரை உலகத்தில் யாருக்கும் அது பொய் என்று தெரியாது, கர்த்தருக்குத் தெரியும், அவள் கர்த்தரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நன்றி மட்டும் சொல்வாள். சாப்பாட்டுக்கு நன்றி, வேலைக்கு நன்றி, பிறகு இந்தப் பிள்ளைக்கு நன்றி. கேட்கத்தான் பயம். கேட்டால், நீ அன்றைக்கு என்ன சொன்னாய் என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டால்.

மூன்று ஐந்து. வயிற்றுக்குள் ஒரு சரிவு மாதிரி என்னவோ நடந்தது. ஒன்றா? வாயுவா? அவள் மூச்சைப் பிடித்தாள், கையை அழுத்தினாள், உடம்பில் காதாக மாற முடிந்த எல்லா இடத்தையும் காதாக்கிக் கேட்டாள். கூடத்தில் ஜெமிமா பலூனைத் தேய்த்துக் கிறீச்சிட வைத்தாள். அடுக்களையில் சர்ர். தெருவில் மீன் வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து நிமிஷத்தில் ஒன்று, அதுவும் சந்தேகம். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒன்பது வரலாமே, வரிசையாக வரலாமே, சில நாள் அப்படித்தான் படபடவென்று வரும். அவள் மறுபடி சாட்சிக்குப் போனாள். மூன்றாவது, மூன்றாவது என்ன, பண்டிகை அன்று அதிகாலை ஆராதனையில் பனி விழுந்துகொண்டிருந்தது, அஜின் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான், அண்ணன் அதைப் பார்த்துக் கேலி பண்ணினான். அதற்காக நன்றி. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எத்தனை பேர் கையைப் பிடித்தார்கள். பெயர் தெரியாதவர்கள்கூட, மக்களே உனக்காக முழங்காலில் நிக்கோம் என்றார்கள். அதற்காக நன்றி. இத்தனை பேர். இத்தனை பேருடைய சந்தோஷத்தையும் அவள் வயிற்றில் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். இப்போது எழுந்து கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுப்பு அணைந்துவிடும், அம்மா முகம் போன வருஷத்து முகமாகிவிடும். எல்லாம் சரியாக இருந்தால்? பண்டிகை நாளில் எல்லாரையும் கதிகலங்க வைத்ததுதான் மிச்சம். சரியாக இல்லாவிட்டால்? சரியாக இல்லாவிட்டால் இந்த ஒரு மணி நேரம்தான் கடைசி, இந்த ஒரு மணி நேரத்துக்கு அவள் இன்னும் பிள்ளைக்காரி, அம்மா இன்னும் சிரிக்கிறாள், அச்சு முறுக்கு இன்னும் சூடாக இருக்கிறது. எழுந்தால் அது முடிந்துவிடும். அதனால்தான் எழவில்லை என்று அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. எண்ணுவதற்காக அவள் படுத்திருக்கவில்லை, ஒளிந்து படுத்திருக்கிறாள். இரண்டு மணி நேரம் ஒரு சாக்கு. அன்றைக்குக் கல்யாணம் ஒரு சாக்கு. அன்றைக்கும் அவள் மாமிக்காக வாய் மூடியிருக்கவில்லை, தெரிந்துகொள்ளப் பயந்துதான் மூடியிருந்தாள். கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை, கெட்ட கனவில் கத்துகிறவளைப்போலக் காற்று மட்டும் வந்தது. அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள், சுவரைப் பிடித்து நின்றாள், கதவைத் திறந்தாள்.

“மைனி.”

அம்மா அடுப்புக்கு எதிரே இருந்தாள். அம்மாவைக் கூப்பிடாமல் மைனியைக் கூப்பிட்டது ஏன் என்று பிறகு எத்தனை யோசித்தும் ஹெப்சிக்குப் பிடிபடவில்லை.

மேபல் திரும்பினாள். கையிலிருந்த அச்சுக் கம்பியிலிருந்து எண்ணெய் சொட்டியது.

“மைனி, பிள்ளை அசையல்ல. காலையிலேருந்து அசையல்ல.”

மேபல் கம்பியை எண்ணெய்ச் சட்டியிலேயே விட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். எப்போதிலிருந்து, ஏன் முன்னாடியே சொல்லல்ல என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து ஹெப்சியின் தோளைச் சுற்றிப் பிடித்தாள். “அத்தை, ஃபைலை எடுங்க, மஞ்சள் ஃபைல், பீரோ மேல இருக்கு. ஜெமிமாவை எதிர்வீட்டுல விடுங்க. நான் கார் எடுக்கேன்” என்றாள். அம்மா, ஹெப்சி சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்திராத வேகத்தில் பீரோவை நோக்கி ஓடினாள். காரில் முன்சீட்டைச் சாய்த்து அவளைப் படுக்க வைத்தார்கள். மைனி ஒரு கையால் போனைக் காதில் வைத்து, “நீங்க அஜினைக் கூட்டிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க, காரியம் பெறவு சொல்லுதேன்” என்று அண்ணனிடம் கத்திக்கொண்டே ஓட்டினாள். நாகர்கோவில் ரோட்டில் கடைக்குக் கடை ஸ்டார் தொங்கியது, பகலில் விளக்கு இல்லாத வெறும் காகித ஸ்டார்கள். ஹெப்சி அவற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் கார் குலுங்கியபோது வயிறும் குலுங்கியது. அது பிள்ளையா காரா என்று பிரிக்க முடியாமல் அழுகை வந்தது. இன்னும் அழக் கூடாது, அழுதால் தெரிந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

நர்ஸ் சின்னப் பெண். வயிற்றில் ஜெல்லைத் தடவிக்கொண்டே கேட்டாள், “கடைசியா எப்ப அசைஞ்சதுக்கா?”

அஜின் அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே வந்து கட்டில் கால்மாட்டில் நின்றான், சட்டையெல்லாம் பந்தல் தூசி.

“நேத்து காலையில. இன்னைக்கு ஒண்ணும் தெரியல்ல. ஒருவேளை ஒரு தடவை இருக்கலாம். சந்தேகம்தான்,” என்றாள் ஹெப்சி. உண்மையைச் சொல்ல இவ்வளவு சின்ன வார்த்தைகள் போதுமா.

நர்ஸ் கருவியை அடிவயிற்றில் வைத்தாள். இரைச்சல். இடதுபக்கம் நகர்த்தினாள், இரைச்சல், மேலே, இரைச்சல், காற்றில் அடிபடும் காகிதம் மாதிரி ஒரு சரசரப்பு. ஹெப்சி நர்ஸின் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் திரும்பிவிடக் கூடாது, இந்தப் பெண் தன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடக் கூடாது, கர்த்தரே, அவள் முகம் திரும்பாமல் இருக்கட்டும் என்று கேட்டாள், கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டாள். நர்ஸ் கருவியைச் சாய்த்து அழுத்தினாள். இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது, டக்டக்டக்டக் என்று, ஓடிக் களைத்த குதிரைக்குட்டி மாதிரி.

“இருக்குக்கா,” என்றாள் நர்ஸ்.

டாக்டரம்மா வந்து ஸ்கேன் பார்த்தார். பனிக்குட நீர் குறைந்திருக்கிறது, அதனால்தான் பிள்ளை அசங்க இடமில்லாமல் ஒடுங்கிக் கிடக்கிறது என்றார். இன்றைக்கும் நாளைக்கும் பிள்ளையின் நுரையீரல் முதிர ஊசி போடுவோம், மிஷினில் பார்த்துக்கொண்டே இருப்போம், தேவைப்பட்டால் நாளன்றைக்கு எடுத்துவிடுவோம், நேரத்தோடே வந்தது நல்லதாப் போச்சு என்றார். நேரத்தோடே. அந்த வார்த்தை ஹெப்சிக்குள் எங்கேயோ போய் விழுந்தது. பயம் போகவில்லை. நாளன்றைக்கு வரை ஒவ்வொரு நிமிஷமும் இருக்கிறது, அதற்கப்புறம் குறைமாசப் பிள்ளைகளை வைக்கிற கண்ணாடிப் பெட்டி, அதற்கப்புறம் இன்னும் எத்தனையோ. ஆனால் வெளி வராந்தாவில், ஒருத்தர்தான் உள்ளே போகலாம் என்ற வாட்ச்மேனிடம் மேபல் மைனி, நான் அவளுக்கு மைனியாக்கும் என்று சண்டை போடுவது இங்கே வரை கேட்டது. அறையில் இப்போது அஜின் மட்டும் இருந்தான். பிள்ளையின் இதயத் துடிப்பைக் காகிதத்தில் வரைகிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“அத்தான்,” என்றாள். “அன்னைக்கு நான் டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். நேத்து ராத்திரி வரைக்கும்னு சொன்னேன்லா. பிளெஸ்ஸி கல்யாணத்தன்னைக்குக் காலையிலேயே அசையல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யாருட்டயும் சொல்லல்ல.”

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து அவன் சட்டையில் ஒட்டியிருந்த ஓலைத் துணுக்கைப் பார்த்தாள்.

“மண்டபத்துல தூண் பக்கத்துல ஒக்காந்திருந்த,” என்றான். “வயித்துல கை வெச்சுக்கிட்டு. நான் அந்தப் பக்கமா ரெண்டு தடவை போனேன். உன் முகத்தைப் பாத்தேன். என்னவோ சரியில்லைன்னு தோணிச்சு. கேக்கணும்னு நெனச்சேன், ஹெப்சி. கேட்டா நீ என்னத்தையாவது சொல்லிருவியோன்னு பயந்து பந்திக்குப் போயிட்டேன்.”

அவள் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் மிஷினைப் பார்த்தார்கள். ஊசிமுனை காகிதத்தில் ஏறி இறங்கி ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனது. காகிதம் நீண்டு மேஜை விளிம்பைத் தாண்டி வழிந்து தரையை நோக்கி இறங்கியது. அஜின் குனிந்து இன்னொரு கையால் அதைத் தரையில் படாமல் ஏந்திக்கொண்டான். அது வரவர, மடியில் மடிப்பு மடிப்பாக வாங்கி வைத்துக்கொண்டே இருந்தான்.